டிக்கெட்டு தீர்ந்து போய்விட்டதாம்!

கால்பந்து ஆட்டம் பார்க்க டிக்கெட்டுக் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வியாசம் எழுத வேண்டுமா என்று நமது தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நாட்டில் கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பந்து உதைப்பதை வேடிக்கை பார்க்க முடியாமல் போனவனுக்காக வருத்தப்படுவானேன் என்றும் சொல்லக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனாலும் ஒரு தேசத்தில் பாமர மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைச் சட்ட புஸ்தகத்தில் தேடுவதைவிட டிக்கெட்டு ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றால் சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம் என்பது நமது அபிப்பிராயம். காசைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறவனைப் பார்த்து, "தீர்ந்துவிட்டது, போ" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். அவனும் தன் தலையெழுத்து இவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போகிறான். எத்தனை இருந்தது, எத்தனை விற்றது, மீதி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும் என்கிற எண்ணமே அவனுக்கு உதிப்பதில்லை. அது ஏன் என்பதுதான் இங்கே விஷயம்.

முதுநகரில் துறைமுகம் ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த நமது தோழர் ஒருவர், பல வருஷ காலம் கத்தார் தேசத்தில் தோஹா நகரத்தில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். சிறு பிள்ளையில் உப்பனாற்றங்கரைத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்தவர். 2022-ம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி தாம் பிழைக்கப் போன ஊருக்கே வருகிறது என்று கேட்டதும் அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கென்று 40 ரியால் விலையில் தனியாக ஒரு வகுப்பு டிக்கெட்டும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏற்பாடு செய்தது நல்ல காரியந்தான். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஆகவே 40 ரியால் என்பது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. ஒரு நாள் கூலியைக் கொடுத்து ஒரு ஆட்டம் பார்க்கலாமென்று ஒரு கூலித் தொழிலாளி ஆசைப்பட்டால் அது பேராசை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முந்தியவர்க்கு முதலில் என்கிற முறையில் விற்பனை ஒரு செவ்வாய்க்கிழமை பகல் 12 மணிக்குத் திறந்தது. வெயில் காலத்தில் பகல் 10 மணி முதல் மூன்றரை மணி வரை வெளிவேலை வாங்கக் கூடாதென்று அங்கே விதியிருப்பதால் தோழருக்கு அப்போது ஓய்வு. கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோஹாவில் பகல் 12 என்றால் நம் முதுநகரில் பிற்பகல் இரண்டரை. அவருடைய தாயார் இங்கிருந்து பேசினாராம்: "ராசா, இன்னைக்கு செவ்வாக்கெழம. மூணு மணிக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள பொத்தான அமுக்கிடுப்பா." தோழர் இரண்டரை மணிக்கே அமுக்கிவிட்டார். அமுக்கி என்ன? இவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள் என்று கைப்பேசி காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருடைய முறை வந்தபோது அந்த 40 ரியால் வகுப்பில் அவர் கேட்ட ஆட்டங்களுக்கு ஒன்றுகூட இல்லை. தாயாரிடம் சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னேனே, ராகு காலத்துல போய் மாட்டிக்கிச்சு. நமக்குக் கொடுத்து வைக்கலப்பா" என்று அந்த அம்மாள் சமாதானம் சொன்னார்.

அந்த அம்மாளைப் பரிகாசம் செய்ய நமக்கு இஷ்டமில்லை. பிள்ளையினிடத்தில் உள்ள பிரியத்தினால் சொன்ன வார்த்தை அது. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? முதுநகர் கடிகாரத்தில் ராகு காலம் மூன்று மணிக்கு என்றால், தோஹா கடிகாரத்தில் அது இரண்டரை மணி நேரம் கழித்தல்லவா வரவேண்டும்? பொத்தானை அமுக்கிய விரல் தோஹாவில் இருந்தது. ராகு முதுநகரில் இருந்தார். இது கிடக்கட்டும். அதே வினாடியில் அதே பொத்தானை அமுக்கிப் பல பேர் டிக்கெட்டு வாங்கியும் இருக்கிறார்களே, அவர்களை ராகு எப்படி விட்டார்? காலத்தில் தோஷம் இருந்தால் எல்லோருக்கும் அல்லவா இருக்கவேண்டும்? இதையெல்லாம் அந்தத் தாயார் கேட்கவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. படித்த கனவான்களே "எல்லாம் அதிர்ஷ்டம் சார்" என்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது? குலுக்கல் என்ற பெயரைக் கேட்டவுடனே இவர்களுக்கு மூளை ஓய்வெடுத்துக்கொள்கிறது. குலுக்கலுக்கு எத்தனை நாற்காலியை உள்ளே போட்டீர்கள் என்று கேட்ட பிறகல்லவா அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

நிற்க. தோழருக்கு அதன் பின் ஒரு தரகன் அகப்பட்டான். 40 ரியால் சீட்டுக்கு 400 ரியால் கேட்டானாம். அதாவது ஒரு நாள் கூலிச் சீட்டுக்குப் பத்து நாள் கூலி. அனுமதியில்லாத மறுவிற்பனையை அந்த நாட்டுச் சர்க்கார் குற்றமாக்கியிருந்தது. அப்படியும் தரகன் இருந்தான். சட்டத்தைக் கண்டு தரகன் ஓடிவிடுவான் என்றால் உலகத்தில் எங்கும் தரகன் இருந்திருக்க மாட்டான். தோழர் வேண்டாமென்று திரும்பிவிட்டார். தொழிலாளிகள் வசிக்கும் பகுதியில் ஆசியன் டவுன் என்கிற இடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் உண்டு. அங்கே பெரிய திரை கட்டி ஆட்டத்தை இலவசமாகக் காட்டினார்கள். ஸ்டேடியங்களையும் ரோடுகளையும் கட்டிய இந்தியர், நேபாளியர், வங்காளியர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடி ஆட்டம் பார்த்தார்கள். நமது தோழரும் பார்த்தார். அவருக்கு ஆட்டத்தைவிட நன்றாக ஞாபகம் இருப்பது வேறொன்று. ஆரம்ப நாட்களில் திரையில் மைதானத்தைக் காட்டும்போதெல்லாம், நடுக்கோட்டுக்கு நேரே உள்ள உயர்ந்த விலை வரிசைகளில் நாற்காலிகள் காலியாக இருந்தனவாம். "தீர்ந்துபோச்சுன்னாங்களே அண்ணே, அப்ப அது யாரு நாற்காலி?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், நம் ஜில்லாவிலேயே பழகிப்போன ஒரு கதையை ஞாபகப்படுத்துகிறோம். முதுநகரிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். அங்கே நந்தன் கதை தெரியாதவர் இல்லை. நடந்ததோ நடக்கவில்லையோ, புராணம் எழுதியவர்கள் அவருக்குக் கொடுத்த பெயர் திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. போன பிறகும் மதிலுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே வரவேண்டுமானால் நெருப்பில் இறங்கி வா என்றார்கள். இதைக் கேட்டு நம் ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள், பக்தியை மெச்சுகிறார்கள். உள்ளே விட மறுத்தவன் யார், அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவன் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? வெளியே நிற்கிறவனுடைய பொறுமையைப் புகழ்ந்து பாடி, உள்ளே இருக்கிறவனுடைய கணக்கை மூடி வைப்பது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கமல்ல. அந்தப் பழக்கந்தான் டிக்கெட்டு ஜன்னல் வரையில் வந்திருக்கிறது.

இப்போது அந்த நாற்காலி யாருடையது என்று பார்ப்போம். பெரிய ஆட்டம் எதுவானாலும், டிக்கெட்டு விற்பனைக்கு வருமுன்பே ஒரு பெரும் பங்கு பிரிந்துவிடுகிறது. விளம்பரம் கொடுத்த கம்பெனிகளுக்கு ஒரு பங்கு. சங்க நிர்வாகிகளுக்கு ஒரு பங்கு. மந்திரிகள், அதிகாரிகள், அவர்களுடைய மைத்துனர்கள், மைத்துனரின் சிநேகிதர்கள் ஆகியோருக்கு ஒரு பங்கு. விருந்தும் மதுவும் சேர்த்து விற்கும் தனி அறைகளுக்கு ஒரு பங்கு. மிச்சம் இருப்பதுதான் ஜன்னலுக்கு வருகிறது. சும்மா கிடைத்த பாஸுக்கு மதிப்பு ஏது? மழை தூறினால் கனவான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார், நாற்காலி காலி. வரிசையில் நின்றவனிடம் "தீர்ந்துவிட்டது" என்று சொன்னது பாதி வாஸ்தவம். அவனுக்கென்று வைத்தது தீர்ந்துவிட்டது. மற்றதை அவனுக்குக் காட்டவேயில்லை.

இதற்கு வெளிதேசம் போக வேண்டியதில்லை. நம் தேசத்தில் கால்பந்துக்குப் பேர்போன ஊர் கல்கத்தா. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் என்ற வங்காளிகள் சங்கம், கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை 2-க்கு 1 என்று ஜெயித்துக் கேடயம் வாங்கியது. வெள்ளைக்காரர் பூட்ஸ் போட்டு ஆட, நம்மவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் ரயிலிலும் படகிலும் கூட்டம் வந்து குவிந்தது. டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. உள்ளே போக முடியாதவர்கள் பல ஆயிரம். அவர்களுக்கு எண்ணிக்கை தெரியும்படி பட்டம் பறக்கவிட்டார்கள் என்பது பிரசித்தம். அன்று நல்ல இடம் வெள்ளைக்காரக் கிளப்புக்காரர்களுக்கு. அன்னியன் ஆட்சி, அவன் மைதானம். அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

அதே கல்கத்தாவில் 2025-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி நடந்ததற்கு யாரைச் சொல்வது? அர்ஜெந்தினா தேசத்து ஆட்டக்காரர் மெஸ்ஸியைச் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் காட்டுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில் டிக்கெட்டு விற்றார்கள். ஆட்டங்கூட இல்லை, ஆளைப் பார்ப்பதற்கே அந்த விலை. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். மெஸ்ஸி வந்தார். வந்தவரைச் சுற்றி மந்திரியும் பிரமுகர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஈ மொய்ப்பது போல் மொய்த்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். காசு கொடுத்தவனுக்கு அவருடைய முழங்கால் கூடத் தெரியவில்லை. சுமார் இருபது நிமிஷத்தில் அவர் போய்விட்டார். பிறகு நாற்காலிகள் பறந்தன, ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள், முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார், ஏற்பாட்டாளர் கைதானார், விளையாட்டு மந்திரி அந்த இலாகாவிலிருந்து விலகினார். நாற்காலியை உடைத்தது சரியென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் காசு கொடுத்தவன் மேடையிலும், காசு கொடுக்காதவன் மைதானத்தின் நடுவிலும் இருந்தது எந்த நியாயம் என்று கேட்கிறோம். அதே நாளில் அந்த ஊரில் அவருக்கு 70 அடி உயரத்தில் ஒரு சிலையும் திறந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. உயிரோடிருக்கும் ஆட்டக்காரனுக்கே சிலை வைத்துக் கும்பிடத் தொடங்கினால், கர்ப்பக்கிரகமும் வரும், அதற்குள் போகிற பாத்தியதைக்காரரும் வருவார், வெளியே நிற்க பக்தர் கூட்டமும் வந்துதானே தீரும்?

டிக்கெட்டு விஷயத்தில் ஒளிவு மறைவு இருந்தால் பணத்தோடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. 2025 ஜனவரி 8-ந் தேதி திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் நெரிபட்டு ஆறு பேர் செத்தார்கள். அதே வருஷம் ஜூன் 4-ந் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே பதினொரு பேர் செத்தார்கள். அது கிரிக்கெட் கொண்டாட்டம். இலவசப் பாஸ் உண்டா இல்லையா, வாசல் திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஜனங்கள் முட்டி மோதினார்கள். கோவிலானாலும் மைதானமானாலும் உள்ளே எத்தனை பேருக்கு இடம் என்பதை வெளியே நிற்பவனுக்கு முன்கூட்டிச் சொன்னால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

"அதிக விலை கொடுப்பவனுக்குச் சரக்குப் போவது வியாபார தர்மந்தானே, இதில் அநியாயம் என்ன?" என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. 2026-ம் ஆண்டு உலகக் கோப்பைக்கு டிக்கெட்டு விற்றபோது உலகக் கால்பந்துச் சங்கத்தார் இந்தப் புத்தியைத்தான் கையாண்டார்கள். கேட்பவர் கூடினால் விலையும் தானே ஏறும் என்ற முறையை உலகக் கோப்பையில் முதல்முறையாகக் கொண்டுவந்தார்கள். வாங்கியவன் மறுபடி விற்க வேண்டுமானால் தங்கள் கடையிலேயே விற்கலாம் என்று சொல்லி, விற்பவனிடம் நூற்றுக்கு 15, வாங்குபவனிடம் நூற்றுக்கு 15 தரகு வைத்தார்கள். சந்து முனையில் நிற்கிற கள்ள மார்க்கெட்டுக்காரன் ஒரு பக்கந்தான் லாபம் பார்க்கிறான். இவர்கள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். கூச்சல் பலமான பிறகு, 2025 டிசம்பரில், ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் போகும் பங்கில் பத்தில் ஒரு பாகத்தை 60 டாலருக்குத் தருவதாகச் சொன்னார்கள். வியாபார தர்மம் என்பது உண்மையானால் கூச்சலுக்கு ஏன் இறங்க வேண்டும்? தவிரவும், இந்த ஆட்டத்துக்கு மதிப்பைக் கொடுத்தது யார்? தெருவிலும் திடலிலும் உதைத்து, தன் ஊர்ச் சங்கத்துக்காகத் தொண்டை வறளக் கத்தின ஏழையல்லவா? அவன் இல்லாத மைதானத்தில் ஆட்டத்தை நடத்திக் கனவான்களிடம் வசூல் செய்து பார்க்கட்டுமே.

இங்கிலாந்தில் 1994-ம் வருஷச் சட்டப்படி கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது குற்றம். அந்தச் சட்டத்தை விட நமக்குப் பிடித்தது அங்கே ஜனங்கள் செய்த ஒரு காரியம். லிவர்பூல் சங்கத்தார் அடுத்த வருஷம் சில இடங்களுக்கு 77 பவுன் விலை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். 2016 பிப்ரவரி 6-ந் தேதி சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. லிவர்பூல் 2-க்கு 0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. 77-வது நிமிஷம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கல் எறியவில்லை, நாற்காலி உடைக்கவில்லை, எழுந்தார்கள், போனார்கள். அந்தச் சங்கத்தை உயிராக நினைக்கிறவர்கள் ஜெயிக்கிற ஆட்டத்தின் நடுவில் எழுந்து போவதென்றால் எவ்வளவு மனத்திடம் வேண்டும்! மீதி நிமிஷங்களில் எதிரிகள் இரண்டு கோல் போட்டு ஆட்டம் சமமாயிற்று என்பது தனிக்கதை. நாலைந்து நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைப் பழையபடி வைத்தார்கள்.

நம்மவர்கள் எழுந்து போவார்களா? எழுந்து போகமாட்டார்கள், சிபார்சு தேடுவார்கள். இதை எழுதுகிற நமக்கும் இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு. முன்னொரு சமயம் ஒரு பெரிய மனிதர் மூலமாக நமக்கு ஒரு ஆட்டத்துக்கு இலவசப் பாஸ் வந்தது. வாங்கிக்கொண்டோம், போனோம், நல்ல இடத்தில் உட்கார்ந்தோம். வாசலில் வெயிலில் நின்ற கூட்டத்தைத் தாண்டிப் போகும்போது அந்தப் பாஸைச் சட்டைப்பையில் கொஞ்சம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. பாஸ் கொடுத்தவனைத் திட்டுகிறவர்கள் பாஸ் வாங்கினவனையும் இரண்டு வார்த்தை கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கடலூர் என்றால் இந்தியக் கால்பந்தில் பெண்களால் தெரிந்த ஊர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-ம் ஆண்டும் 2023-ம் ஆண்டும் தேசியப் பெண்கள் போட்டியில் தமிழ்நாடு ஜெயித்தது. இந்தப் பெண்கள் மஞ்சக்குப்பம் பக்கம் ஆடும்போது டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை, தரகனும் இல்லை. எத்தனை ஆண்பிள்ளைகள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? அயல்நாட்டு ஆட்டக்காரனுடைய முதுகைப் பார்க்கப் பத்தாயிரம் கொடுக்கத் தயாராயிருக்கிற நம் வாலிபர்கள், பக்கத்துத் தெருப் பெண் ஆடுகிறாள் என்றால் "பொம்பளைப் பிள்ளை ஆட்டந்தானே" என்கிறார்கள்.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பணம் வாங்கி ஆட்டம் நடத்துகிறவர்கள், விற்பனை தொடங்குவதற்கு முன்னால், மொத்த இடம் எத்தனை, பாஸாகவும் ஒதுக்காகவும் போனது எத்தனை, யார் யாருக்கு, ஜன்னலுக்கு வருவது எத்தனை என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். சென்னை நேரு ஸ்டேடியம் சர்க்கார் ஸ்தாபனமான விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வசம் இருப்பது; ஜனங்களுடைய வரிப்பணத்தில் நிற்பது. அதை வாடகைக்கு விடும்போது இதை ஒரு நிபந்தனையாக எழுத ஒரு வரி போதும்.

அதுவரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2005-ம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எவரும் சர்க்கார் ஸ்தாபனத்தைக் கேள்வி கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டினால் போதும்; ராகு காலத்தில் ஒட்டினாலும் செல்லும். கத்தாரிலிருந்து திரும்பி இப்போது முதுநகரிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நமது தோழர் அப்படி ஒரு மனு எழுதியிருக்கிறார். 2025 மார்ச் 30-ந் தேதி சென்னை நேரு ஸ்டேடியத்தில் பிரேசில் தேசத்துப் பழைய ஆட்டக்காரர்களும் இந்தியப் பழைய ஆட்டக்காரர்களும் ஆடிய ஆட்டத்துக்கு மொத்த இடம் எத்தனை, இலவசமாகக் கொடுத்தது எத்தனை, எந்தெந்த இலாகாவுக்கு எத்தனை என்று மூன்றே கேள்விகள். வில்லையை அவருடைய தாயார்தான் தன் கையால் ஒட்டினாராம். சென்ற திங்கட்கிழமை முதுநகர் தபாலாபீசில் சேர்த்தாயிற்று. முப்பது நாளில் பதில் தரவேண்டுமென்பது சட்டம். பதில் வந்ததும் அதை அப்படியே இந்தப் பக்கத்தில் பிரசுரிப்போம்.